சான்றுள்ள ஒரு வரி

வண்டி பழைய பேருந்து நிலையத்தை விட்டு நகரும்போதே ஹெப்சிபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, மருதூரான் மறுபடியும் ‘அன்புடையீர்’ என்று ஆரம்பித்திருந்தான். திட்டுகிறவனைத் திருப்பித் திட்டலாம், அன்புடையீர் என்கிறவனை என்ன செய்ய? அன்புடையீர் நெருஞ்சி அவர்களே, தங்கள் உணர்வை மதிக்கிறேன், எனினும் சான்றுள்ள வரியை நீக்க இயலாது, தங்கள் கூற்றுக்குச் சான்று இருப்பின் இணைத்து உதவுக. உதவணுமாம். நெருஞ்சி என்பது இணையக் கலைக்களஞ்சியத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர். யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம், திருத்தம் பிடிக்காதவர் ஒரே தட்டில் பழையபடி ஆக்கிவிடலாம் என்றிருக்கும் அந்தப் பொதுவெளியில் நாலு வருஷமாக அவள் குத்தாத கால் குறைவு. ஆனால் மருதூரானுடையது செருப்புப் போட்ட கால். யார், எந்த ஊர், தெரியாது. அவளாகவே ஓர் ஆளைச் செய்து வைத்திருந்தாள்: வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன், கிராம்பு மெல்லுகிறவன், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒற்றை விரலால் தட்டுகிறவன், சந்தி பிழைக்காதவன். ஒரு ஒற்றாவது விட்டுத் தொலைத்திருந்தால் அவனைக் கொஞ்சம் மன்னித்திருப்பாள். “எங்கம்மா?” என்றார் நடத்துனர். “சங்குத்தட்டு.” பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்து மடியில் போட்டுவிட்டுப் போனார். சண்டை ஒரே ஒரு வரிக்குத்தான். சங்குத்தட்டு உப்பளப் பெண்கள் போராட்டம், 1983 என்ற கட்டுரையில் கடைசிக்கு முந்தின வரி: ‘உரிமையாளர்களுடன் பேசியபின் சந்தனக்கனி போராட்டத்தைக் கைவிட்டார்.’ ஐந்தே சொல். அவள் எடுப்பாள், அவன் வைப்பான், எடுப்பாள், வைப்பான். மூன்று முறைக்கு மேல் போனால் விதிமீறல். நேற்று ஒரு நிர்வாகி வந்து கட்டுரையையே பூட்டிவிட்டு, இருவரும் நாளை மாலை நான்கு மணிக்குள் உரையாடல் பக்கத்தில் சான்று வைக்கவும், இல்லையேல் வரி அப்படியே நிற்கும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இப்போது மணி இரண்டு நாற்பது. கையில் சான்று இல்லை. கையில் இருப்பதெல்லாம் சந்தனக்கனி மட்டுந்தான், சந்தனக்கனி சான்று ஆகமாட்டாள்.

அறுபத்தைந்து வயசு, காலில் உப்பு தின்ற வெடிப்பு, கண்ணில் எப்போதும் ஒரு சுருக்கம், வெள்ளை வெளேரென்று தகதகக்கிற பாத்தியை நாற்பது வருஷம் வெறுங்கண்ணால் பார்த்த சுருக்கம். மூன்று மாதத்துக்கு முன்னால் ஆய்வேட்டுக்காகப் பேட்டி கேட்டுப்போன அன்று கதவைப் பாதிதான் திறந்தாள். “நீயும் எழுதப் போறியாக்கும்?” என்றாள். “எழுதுனது போதும், போ பிள்ள.” பிறகு அவளே திரும்பக் கூப்பிட்டு, அலமாரிக்குள்ளிருந்து ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினாள். 2019. ‘மறந்துபோன போராட்டங்கள்’ என்று அரைப்பக்கம். ‘உரிமையாளர்களுடன் தனியறையில் பேசியபின் சந்தனக்கனி போராட்டத்தைக் கைவிட்டார்.’ தனியறை. அந்த ஒரு சொல் போதாதா ஊருக்கு? நிழலுக்கு ஒரு கொட்டகை, குடிக்க நல்ல தண்ணீர், காலுக்கு ஒரு பூட்ஸ் என்று கேட்டுப் பத்தொன்பது நாள் வெயிலில் உட்கார்ந்த பெண்கள், முப்பத்தாறு வருஷம் கழித்து அவளைப் பார்த்து, உள்ளே போய் என்னட்டீ பேசின என்று கேட்டார்கள். தோளோடு தோள் உட்கார்ந்த வேலம்மா அன்றிலிருந்து பேச்சை நிறுத்தினாள். இந்த மாதம் நாற்பதாம் ஆண்டு விழாவுக்குச் சங்கம் அடித்த நோட்டீஸில் எல்லார் பேரும் இருக்கிறது, தலைமை தாங்கினவள் பேர் இல்லை. கேட்டதற்குச் சங்கச் செயலாளர் போனை எடுத்துக் காட்டினாராம், இந்தா பாருங்க, கலைக்களஞ்சியத்துலயே இருக்கு, நாங்க என்ன செய்ய? “மழல்லா பெஞ்சுது!” என்று சந்தனக்கனி கத்தினது இப்போதும் ஹெப்சிபாவின் காதில் இருந்தது. “இருவதாம் நா விடியக்காலம் கொட்டு கொட்டுன்னு கொட்டிட்டு. பாத்தி பூரா கரைஞ்சு கடலாப் போச்சு. வேலையே இல்லாதவன் எதுக்குளா வேலைநிறுத்தம் செய்வான்? அவாவா வீட்டுக்குப் போனோம். அம்புட்டுத்தான் கத.” அம்புட்டுத்தான் கதை. அதற்குச் சான்று?

கொண்டுபோய் வைக்காமலா இருந்தாள்? ஒரு மணி நேரப் பேட்டியைப் பதிவு செய்து எழுத்தாக்கி வைத்தாள். சொந்த ஆய்வு ஏற்கத்தக்கதன்று என்றான் மருதூரான். ஆவணக் காப்பகத்தில் இரண்டு நாள் தும்மித் தும்மித் தேடி அந்த வருஷத்து மழைப் பதிவேட்டைப் படம் எடுத்துக் கொண்டுவந்தாள். மழை பெய்தது என்பதற்கு இது நற்சான்று, மழையால் போராட்டம் நின்றது என்பதற்குச் சான்றன்று, அன்புடன் மருதூரான். அன்புடன்! அவளுக்கு அப்போது வந்த கோபத்தில் விடுதிச் சாப்பாட்டுத் தட்டை அப்படியே கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்து போனாள். உப்பளத்தில் உட்கார்ந்தவள் சொன்னால் சான்று இல்லை, உட்கார்ந்தவளை ஒருநாளும் பார்க்காதவன் பேப்பரில் எழுதினால் சான்று. பேப்பரில் எழுத யார் போனார்கள் அன்றைக்கு, கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களே நாலு பேர். அப்போ எழுதத் தெரியாதவளுக்கு நடந்தது நடக்கவே இல்லையா என்று உரையாடல் பக்கத்தில் கேட்டாள், கேட்டுவிட்டு அதே மூச்சில், சான்றே இல்லாமல் மனம்போல எழுதிவைக்கிறவர்கள் விரலை ஒடிக்கவேண்டும் என்றும் எழுதினாள், இரண்டும் ஒன்றையொன்று இடிக்கிறதே என்று அவளுக்கு உறைக்கவில்லை, மருதூரானுக்கு உறைத்திருக்கும், சுட்டிக்காட்டாத பெருந்தன்மை அவனுக்கு, அந்தப் பெருந்தன்மையில் மண் விழ. “என்ன பிள்ள, போனைப் போட்டு இந்தக் குத்து குத்துத? வீட்டுக்காரரா?” என்றாள் பக்கத்து இருக்கைக்காரி, மடியில் மருந்துப் பையோடு. “இல்லக்கா. மருதூரான்.” “எந்த ஊரா இருந்தா என்ன, எல்லாரும் அப்படித்தான். ரெண்டு நாளு பேசாத, தானா வழிக்கு வருவான்.” வழிக்கு வர இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்கிறது அக்கா. ஜன்னலில் உப்புக்காற்று அடித்தது, உதட்டை நக்கினால் கரித்தது. பேப்பர் நறுக்கின் படத்தை நூறாவது முறையாகப் பெரிதாக்கி வாசித்தாள். உப்பளத்தின் கிழக்கு வாசலில் பெண்கள் அமர்ந்தனர். அன்றைக்குச் சந்தனக்கனி இந்த இடத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கோபத்துக்கு நடுவிலும் சிரித்தாளே. “கெழக்க கடல்லா கெடக்கு! எந்த மூதி கடலுக்குள்ள வாசல் வச்சான்?” பேப்பர்க்காரன் ஊர்ப்பக்கமே வராமல் எழுதியிருக்கிறான், சரி. கலைக்களஞ்சியக் கட்டுரையிலும் கிழக்கு வாசல் என்றுதானே இருக்கிறது? உண்மையை ஆயிரம் பேர் ஆயிரம் இடத்திலிருந்து எடுக்கலாம். இல்லாத வாசலை இரண்டு பேர் தனித்தனியாகக் கட்ட முடியுமா? ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்த்து எழுதியிருக்கிறான். யார் யாரைப் பார்த்து?

பக்கத்தின் வரலாற்றைத் திறந்தாள். எந்த வரியை யார் எந்த நிமிஷம் சேர்த்தார் என்று அங்கே அத்தனையும் கிடக்கும், அழித்தது உட்பட. மூன்று மாதச் சண்டையில் ஒரு நாளாவது அடிவரைக்கும் இறங்கிப் பார்த்தோமா, மேலேயே நின்று அல்லவா மல்லுக்கட்டினோம் என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது. சிக்னல் போய்ப் போய் வந்தது, சுற்றுகிற வட்டத்தை முறைத்துக்கொண்டே இருந்தாள். 2022, 2021, 2019, அதற்கும் கீழே. 2017. ஐந்து சொல்லும் அங்கே இருந்தன, கிழக்கு வாசலும் இருந்தது, தனியறை மட்டும் இல்லை. பேப்பருக்கு இரண்டு வருஷம் முந்தி! “அகப்பட்டான்டா!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள், முன் இருக்கையில் தூங்கினவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கலைக்களஞ்சியத்தில் எவரோ சான்றில்லாமல் எழுதினதைப் பேப்பர்க்காரன் சுட்டிருக்கிறான், பேப்பரில் வந்துவிட்டதென்று மருதூரான் அதையே கலைக்களஞ்சியத்துக்குச் சான்றாக ஒட்டியிருக்கிறான். பாம்பு தன் வாலையே விழுங்கிவிட்டு வயிறு நிறைந்தது என்கிறது. அத்தனையையும் தேதி போட்டு உரையாடல் பக்கத்தில் எழுதினாள், ‘அன்புடன்’ என்று முடித்தாள், வேண்டுமென்றே. ஆறாவது நிமிஷம் பதில். அன்புடையீர், அரிய கண்டுபிடிப்பு, பாராட்டுகள். எனினும் ஓர் ஐயம். 2017-இல் எழுதியவரும் நாளிதழாரும் இருவருக்கும் மூத்த ஒரு மூலத்திலிருந்து எடுத்திருக்கலாம் அன்றோ, பழைய துண்டறிக்கை, மலர் எதுவாகவேனும்? அவ்வாறு மூலம் எதுவும் இல்லை என்பதை அவ்வரியை எழுதியவரே சொல்லக்கூடும். அவரோ ஆறாண்டாக இப்பக்கம் வரவில்லை. சரியான கேள்வி. சரியான கேள்வி என்பதாலேயே அவளுக்கு மண்டைக்குள் ஜிவ்வென்று ஏறியது. எழுதினது யார்? பள்ளிமாணவி37. பேரைப் பார். போட்டிக்கு எழுத வந்திருக்கும் ஏதோ ஓர் அரைவேக்காடு, எண்ணிக்கைக்கு எழுதித் தள்ளிவிட்டுப் பரிசுப் பேனாவை வாங்கிக்கொண்டு போயிருக்கும், இங்கே ஒருத்தி நாலு வருஷமாகத் தெருவில் தலைகுனிந்து நடக்கிறாள். எங்கே இருக்கிறாளோ இப்போது, கல்யாணம் கட்டிச் சமையல் படம் போட்டுக்கொண்டிருப்பாள். கையில் கிடைத்தால். முப்பத்தேழாம். முப்பத்தேழு.

வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. முப்பத்தேழு என்ற எண்ணில் ஏதோ சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது, பல்லிடுக்கில் மாட்டிய நார்போல. முப்பத்தாறு கோமதி, முப்பத்தெட்டு ஜாஸ்மின். கோமதிக்கும் ஜாஸ்மினுக்கும் நடுவில் யார்? வருகைப் பதிவேடு, பன்னிரண்டாம் வகுப்பு ஆ பிரிவு, பிரபாவதி டீச்சர் குரல், முப்பத்தேழு, உள்ளேன் டீச்சர். இல்லை. பள்ளிக்கூடம் என்றால் ஒன்றா இரண்டா, எல்லாப் பள்ளியிலும் முப்பத்தேழு உண்டு. கணினி அறை, செருப்பை வெளியில் விட்டுவிட்டு உள்ளே போனால் கால் சில்லிடும். மாவட்டக் கட்டுரைப் போட்டி என்று கணினி ஐயா நாற்பத்திரண்டு பேருக்கும் அவரே கணக்குத் திறந்து கொடுத்தார், பள்ளிமாணவி ஒன்று, பள்ளிமாணவி இரண்டு. இல்லை, வேறு யாராவது இருக்கும். ஒரு கட்டுரைக்கு ஐயாயிரம் பைட் வரவேண்டும், அதற்குக் குறைந்தால் போட்டியில் சேராது. ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பைட், கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனியாக மூன்று, அதனால் புள்ளி வைத்த சொல்லாகப் பார்த்துப் போடுங்கட்டி என்று கோமதி காதில் கிசுகிசுத்தாள். மாவட்டக் கையேட்டில் அந்தப் போராட்டத்தைப் பற்றி இரண்டே வரிதான் இருந்தது: சந்தனக்கனி தலைமையில் பத்தொன்பது நாள் நடந்தது, இருபதாம் நாள் முடிவுக்கு வந்தது. ஊதி ஊதிப் பெருக்கினாள். உப்பளத்தைப் பார்த்ததில்லை, வாசல் இருக்கும் என்று நினைத்தாள், கிழக்கு என்றால் விடியல்போல நன்றாக இருந்தது. மணி அடிக்கப் போகிறது, இன்னும் நூற்று எழுபது பைட் குறைகிறது. பத்தொன்பதாம் நாளுக்கும் இருபதாம் நாளுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருந்தது, போராட்டம் என்றால் பிறகு பேச்சுவார்த்தைதானே, செய்தியில் எப்போதும் அப்படித்தானே சொல்வார்கள். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. சந்தனக்கனி என்ற ஒரு மனுஷி உயிரோடு இருப்பாள் என்றே நினைக்கவில்லை, புத்தகத்தில் வருகிற பேர்கள் எல்லாம் செத்தவர்கள் பேர் என்றிருந்த வயசு. ஐந்து சொல் அடித்தாள். எண் ஐயாயிரத்தைத் தாண்டிப் பச்சையாயிற்று. கோமதி முதுகில் தட்டினாள். மூன்றாம் பரிசு, எவர்சில்வர் டப்பா, அம்மா அதில்தான் இன்னும் மிளகாய்த்தூள் வைத்திருக்கிறாள்.

போனை மடியில் கவிழ்த்தாள். பக்கத்து அக்கா, “என்ன பிள்ள மூஞ்சி செத்துப்போச்சு, கவரு வேணுமா?” என்று ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். வேண்டாமென்று தலையாட்டினாள். மணி மூன்று பத்து. யாருக்குத் தெரியும்? ஒருவருக்கும் தெரியாது. பள்ளிமாணவி37 செத்துப்போகட்டும், அந்தத் தேதிகளை வைத்துக்கொண்டு இன்னும் வாதாடலாம், வாதாடத் தெரியாதவளா அவள்? மூலம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு உன்னுடையது மருதூரான், இல்லை என்று நிரூபிப்பது என் வேலை இல்லை என்று மடக்கலாம், நல்ல வாதம், அருமையான வாதம், நிர்வாகி அரைமனசாய்த் தலையாட்டக்கூடும், ஆட்டாமலும் போகக்கூடும். போனால் நாலு மணிக்கு வரி நிற்கும். தன் மானத்தைக் காக்கச் சந்தனக்கனியின் மானத்தைப் பணயம் வைப்பதா? ஆனால் எழுதிவிட்டால் நாளைக்கு யாரிடம் போய்ச் சான்று எங்கே என்று கேட்பாள்? விரலை ஒடிக்கவேண்டும் என்று ஊரறிய எழுதினாளே, அது அழியாது, அழித்தாலும் வரலாற்றில் கிடக்கும். அவளுக்கு இப்போது மருதூரான்மேல் இருந்த கோபம், பேப்பர்க்காரன்மேல் இருந்த கோபம், சங்கச் செயலாளர்மேல் இருந்தது, அத்தனையும் போக இடமில்லாமல் அவளிடமே திரும்பி வந்தது. ஒரு டீச்சராவது, இது எங்கேருந்துட்டீ எடுத்த என்று கேட்டிருக்கக் கூடாதா? நீளத்தை அளந்தார்களே, ஒருவராவது உள்ளே என்ன என்று பார்த்தார்களா? சரி, அவர்களைத் திட்டி? அடித்தது அவர்கள் விரலா? அடித்தாள், இந்தமுறை ஒற்றை விரலால்: அந்த வரிக்கு எந்த மூலமும் இல்லை. பள்ளிமாணவி37 நான்தான். இடம் நிரப்பக் கற்பனையாக எழுதினேன். அனுப்பிவிட்டு ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கம்பி சுட்டது, எடுக்கவில்லை. பதில் வந்தது. அன்புடையீர், தங்கள் நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். எனினும், தாங்களே அவர் என்பதற்குச் சான்று?

சிரித்துவிட்டாள். அழுகைபோல வந்த சிரிப்பு. பொய் சொன்னபோது எவனும் கேட்கவில்லை, உண்மை சொல்லும்போது கேட்கிறான், கேட்டது நியாயந்தான் என்பது அதைவிட எரிந்தது. வாதத்தில் ஜெயிக்க ஒருத்தி நான்தான் அவள் என்று புளுகமாட்டாளா என்ன? பழைய கணக்கால் நுழைந்தால்தான் உண்டு. கடவுச்சொல்? கணினி ஐயா கரும்பலகையில் எழுதிப் போட்டாரே, எல்லாருக்கும் ஒன்று, ஆங்கிலத்தில் பள்ளியின் பேர், அதன் பின்னால் அவரவர் வரிசை எண். அடித்தாள். தவறு. முதலெழுத்தைப் பெரிதாக்கி அடித்தாள். ஆறு வருஷமாக யாரும் தொடாத கதவு திறந்துகொண்டது, வரவேற்கிறோம் பள்ளிமாணவி37, உங்களுக்கு ஒரு புதிய செய்தி. 2017 செய்தி. கட்டுரைக்கு நன்றி, இறுதிப் பகுதிக்குச் சான்று இணைக்க வேண்டுகிறேன், அன்புடன் மருதூரான். கேட்டிருக்கிறான்! ஒருத்தன் கேட்டுத்தான் இருக்கிறான், பரிசு வாங்கினபின் அவள்தான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பேப்பரில் வந்ததைப் பார்த்ததும், கேட்ட சான்று கிடைத்ததே என்று கொண்டுபோய் ஒட்டியிருக்கிறான் மனுஷன். அவளுக்கு அவனைத் திட்ட ஒரு சொல்லும் அகப்படவில்லை, அது திட்டுவதைவிட வலித்தது. பழைய பேரிலேயே எழுதினாள்: நான் எழுதியது பொய், நெருஞ்சியும் நானே. மூன்று முப்பத்தொன்பதுக்கு நிர்வாகி வந்தார். வரி நீக்கப்பட்டது, சான்று செல்லாது. ஒரே சர்ச்சையில் இரு கணக்குகள் வழியே பங்கேற்றதால் நெருஞ்சிக்கு விதிப்படி ஒரு வாரம் தடை. மருதூரான் தடை வேண்டாமென்று பரிந்து ஒரு வரி எழுதியிருந்தான். அதற்குப் பதில் எழுத அவளுக்கு இப்போது அனுமதி இல்லை.

“சங்குத்தட்டு, சங்குத்தட்டு! ஏம்மா, எறங்கலையா?” இறங்கினாள். சந்தனக்கனி நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள், சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு. “நாலு மணின்னியே. இருப்புக் கொள்ளல. போயிருச்சா?” “போயிருச்சு பெரியம்மா.” “காட்டு.” போனை வாங்கி விரல் வைத்து, எழுத்தெழுத்தாய், வரி இருந்த இடத்துக்கு மேலும் கீழும் வாசித்தாள். இரண்டு முறை வாசித்தாள். “கண்டுபிடிச்சிருதேன் கண்டுபிடிச்சிருதேன்னு குதிச்சியே, எழுதுன மூதி எவனாம்?” வாயைத் திறக்கும்வரை என்ன சொல்லப்போகிறோம் என்று ஹெப்சிபாவுக்குத் தெரியாது. “நாந்தான்,” என்றாள். “பள்ளிக்கூடத்துல படிக்கும்போது. போட்டிக்கு. இடம் பத்தலன்னு நெரப்பினேன்.” வண்டி புகையைக் கக்கிவிட்டுப் போயிற்று. சந்தனக்கனி அவளை ஏற இறங்கப் பார்த்தாள், அடிப்பாள் என்று தோன்றியது, அடித்தால் தேவலை என்றும் தோன்றியது. “நெரப்புன,” என்றாள். “மூணு மாசமா என் வீட்டுல சோறு தின்னுக்கிட்டு எவனையோல்லா ஏசுன.” அவ்வளவுதான், திரும்பி நடந்தாள். பின்னால் போவதா, அடுத்த வண்டிக்கு நிற்பதா? பத்தடி போனபின் குரல் வந்தது. “நிக்கிய? வா. வேலம்மா வீடு அந்தா இருக்கு. போன்ல எடுத்தா அவளுக்கு எடுத்ததாயிருமா? பேப்பர அவ மவன் வாசிச்சுக் காட்டுனான், இத நீ சொல்லு. அதுக்குப் பெறவு ரூத்து வீடு, சங்கத்து ஆபீசு. மொத்தம் பதினோரு எடம்.” வேலம்மா வீட்டு நீலக் கதவுக்கு இரண்டு வீடு முன்னாலேயே சந்தனக்கனி ஒரு வேப்பமரத்தின் மறைவில் நின்றுவிட்டாள். “நீங்களும் வாங்க பெரியம்மா.” “நான் வந்தா, நான் சொல்லிக்குடுத்து நீ சொல்லுதன்னு சொல்லுவா. அவ குணம் எனக்குத் தெரியும். நீ தனியாப் போ.” தட்டினாள். இன்னொரு முறை தட்டினாள். கதவைத் திறந்தவளின் கண்ணிலும் அதே சுருக்கம். “வேலம்மாங்களா? என் பேரு ஹெப்சிபா. ஆறு வருஷத்துக்கு முன்னால உங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன்,” என்றாள். அந்த மனுஷி வெயிலுக்குக் கை வைத்து அவளை நன்றாகப் பார்த்தாள்.

“ஒன்ன நான் பாத்ததே இல்லியே, பிள்ள.”